36 விநாடிகள்

1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் புதிய 'தொழிலாளி' ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் யூனிமேட். எடை ஏறக்குறைய 1,800 கிலோ. முகம் இல்லை, கால் இல்லை. ஒரே ஒரு கை. அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் உலோகப் பாகங்களை எடுத்து வைப்பதே வேலை. மனிதன் கையைச் சுட்டுக்கொள்ளும் வேலை அது. இயந்திரத்திடம் போனதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருந்திருக்காது.

இந்தக் கையைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டெவோல், 1954-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்குச் சந்தை தேடித் தந்தவர் ஜோசப் எங்கெல்பெர்கர். 1956-இல் ஒரு விருந்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். 1966-இல் எங்கெல்பெர்கர் அதைத் தொலைக்காட்சிக்கே கொண்டுவந்துவிட்டார்! ஜானி கார்சன் நிகழ்ச்சியில் அது கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளியது; பீர் ஊற்றியது; இசைக்குழுவையும் நடத்தியது. அமெரிக்கர்கள் பார்த்து ரசித்தார்கள். ஜப்பானியர்கள் காரியத்தில் இறங்கினார்கள். 1968-இல் கவாசாகி நிறுவனம் உரிமம் பெற்று, அடுத்த ஆண்டே சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கியது.

சிக்கல் வந்தது ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில். அங்கே வேகா கார்களின் உடற்பகுதியைப் பற்றவைக்க யூனிமேட் கைகள் வரிசையாக நின்றன. கைகளுக்குக் களைப்பில்லை. மணிக்கு 100 கார் என்று வேகம் கூட்டப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு காருக்கு 36 விநாடி. மற்ற ஆலைகளில் ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும். பற்றவைப்பைத் தவிர மற்ற வேலைகளை மனிதர்கள்தான் செய்தார்கள். அவர்களும் அந்த வேகத்துக்கே ஓட வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஆட்குறைப்பு வேறு. 1972 மார்ச் மாதம் தொழிலாளர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். சம்பள உயர்வுக்காக நடந்த போராட்டம் அல்ல அது. இயந்திரத்தைக் குறை சொல்வது சுலபம். வேகத்தைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள்தானே?

2023 நவம்பரில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஹியுண்டாய் தொழிற்கூடம் திறக்கப்பட்டது. அங்கே ஓடும் பட்டையே இல்லை. தனித்தனிக் கூடங்களில் கார்கள் உருவாகின்றன. ஏறக்குறைய பாதி வேலை 200 ரோபோக்களுடையது என்று நிறுவனம் அப்போது அறிவித்தது. மனிதர் ஒரு பாகத்தைப் பூட்டியதும் நான்கு கால் இயந்திர நாய் ஒன்று அருகில் வந்து படம் எடுக்கிறது. சரியாகப் பூட்டியிருக்கிறாரா என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்வது செயற்கை நுண்ணறிவு.