சிப்பியைத் தொடர்ந்த ஊர்

கற்பனை உலகங்களைச் சிருஷ்டிக்கும் கதாசிரியர்கள் விருப்பத்தோடு படைக்கும் ஜாதிகளுள் ஒன்று, பூனை முகமும் மனித நடையும் கொண்டு, பொதிவண்டிகளோடும் கூடாரங்களோடும் ஊர் ஊராகத் திரிந்து, ஒரு வெட்டவெளியிலே திடீரென்று கடைவிரித்து, சில நாள் ஆரவாரித்து, பின்பு ஒரு விடியற்காலையில் அடுப்புச் சாம்பலை மாத்திரம் விட்டுவிட்டு மறைந்துபோகும் நாடோடிக் கூட்டமாகும். பூனையினத்துச் சாயல் கொண்ட மனிதர் நமக்குப் புதியவரல்லர். வண்டு வாய்வைக்கும் முன்னே மலர் பறித்து இறைவனுக்குச் சாத்த வேண்டுமென்று புலிக்காலும் புலிக்கையும் வரமாகப் பெற்ற வியாக்கிரபாதரைத் தில்லை இன்றும் வணங்குகிறது. எனினும் நாடோடிப் பூனை என்பதிலே ஒரு முரண் இருக்கிறது. நாய் ஆளைப் பற்றி வாழும், பூனை வீட்டைப் பற்றி வாழும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ட உண்மை. குடியிருந்தவர்கள் சாமான்களை வண்டியேற்றிக்கொண்டு போன பிறகும் பழைய திண்ணையையே சுற்றிக்கொண்டிருக்கும் பூனையைப் பார்க்காதவர் யார்? ஆகவே இடத்தை விடாத சுபாவமும் ஓரிடத்தில் தரிக்காத ஜீவனமும் ஒருங்கே வாய்த்த ஜனங்கள் கதையில்தான் உண்டு என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுவோம். தூத்துக்குடிக் கரையின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தவர்கள் அவ்வாறு முடிவுகட்டத் துணியமாட்டார்கள்.

அந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கரையிலிருந்து சில மைல் தூரத்தில், மன்னார் வளைகுடாவின் அடித்தளத்திலே, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில், மணற்பரப்பின் நடுவே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் ‘பார்’ என்பார்கள் கடலோடிகள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு நேரே உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் மிகப் பிரசித்தமானது. முத்துச்சிப்பியின் குஞ்சு பிறந்த சில வாரங்கள் நீரோட்டத்தின் போக்கிலே மிதந்து, தங்குவதற்குத் தகுந்த பாறை வாய்த்தவுடன் தன் உடலிலிருந்தே சுரக்கும் நாரினால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதன்பின் அங்கேயே வளர்ந்து, அங்கேயே முதிர்கிறது. மூன்று நான்கு வருஷங்களில் அது எடுப்பதற்குப் பக்குவமாகும். ஆனால் குஞ்சுகள் இந்தப் பாரில் இறங்குமா, அடுத்த பாரில் இறங்குமா, ஒரு பாரிலும் இறங்காமல் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படுமா என்பது காற்றுக்கும் நீரோட்டத்துக்குமே வெளிச்சம். இறங்கினவற்றை மணல் மூடிவிடலாம். திருக்கைக் கூட்டம் ஓட்டோடு நொறுக்கித் தின்றுவிடலாம். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்நாளெல்லாம் அசையாதிருக்கும் ஒரு பிராணி, இப்படியாக, ஆயிரக்கணக்கான மனிதரை இரண்டாயிரம் வருஷ காலம் நாடோடிகளாக்கி வைத்தது.

மனிதரை மட்டுமன்று, துறைமுகங்களையும் இந்தக் கரை நாடோடிகளாக்கியது. பாண்டியரின் கொற்கையைக் கொல்கை என்று குறிப்பிட்ட கிரேக்க மாலுமி ஒருவன், கி.பி. முதல் நூற்றாண்டில், அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக் குளிக்கிறார்கள் என்று எழுதி வைத்தான். பத்துப் பாகம் ஆழத்திலே மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கும் வித்தை தந்தையிடமிருந்து மைந்தனுக்குக் கைமாறி வர வேண்டிய ஒன்று. சிறையிலிருந்து அழைத்து வந்தவர்களால் அது எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. தாமிரபருணி கொண்டுவந்து தள்ளிய மண்ணால் கடல் பின்வாங்க, கொற்கை உள்நாட்டுக் கிராமமாயிற்று. இன்று அங்கே செல்பவர், வாழைத் தோட்டங்களையும் குளத்தங்கரையில் கிடைதட்டிப் படர்ந்த பழைய வன்னி மரத்தையும் பார்க்கலாம், அலையோசை கேட்காது. வியாபாரம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த, அரேபியாவிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற அந்தக் காயலையும் ஆற்று மண் விடவில்லை, அது பழையகாயலாயிற்று. கால்டுவெல் ஐயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு ஊர்களின் மண்ணையும் தோண்டிப் பார்த்துப் பழம்பெருமையை நிலைநாட்ட வேண்டியதாயிற்று. காயல் தூர்ந்த பின்னரே புன்னைக்காயலும் தூத்துக்குடியும் தலையெடுத்தன.

மார்க்கோ போலோ எழுதியவற்றுள் நம் விஷயத்துக்கு மிக அவசியமானது ஒன்று உண்டு. வியாபாரிகள் தாம் எடுத்த முத்தில் பத்திலொரு பங்கை அரசனுக்கும், இருபதிலொரு பங்கைச் சுறாமீன்களை மந்திரத்தால் வாய்கட்டி வைப்பவர்களுக்கும் கொடுத்தார்களாம். அந்த மந்திரம் பகலுக்கு மாத்திரமே செல்லும். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவிலே திருட்டுத்தனமாக யாரும் இறங்கி விடாதிருப்பதற்கு அதைவிடச் சிறந்த காவல் வேறென்ன? ராஜாங்கத்துக்குச் செலவில்லாத அந்தக் காவற்காரனுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். கரையில் நின்று அவன் மந்திரம் ஜபித்தாலன்றி எந்தக் குளியாளும் கடலில் இறங்கமாட்டான்.

இந்தப் பழக்கம் மதம் மாறியும் மாறவில்லை என்பதே விசித்திரம். 1535-ஐ ஒட்டிய சில வருஷங்களில், தம் தொழிலுக்கும் உயிருக்கும் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் பல்லாயிரவராய் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் இந்தியாவுக்கு வந்த சவேரியார் அவர்களுடைய ஓலைக்குடிசைகளில் தமிழிலே ஜெபம் சொல்லிக் கொடுத்தார். மணப்பாடு முதல் வேம்பார் வரை துறைதோறும் கோயில்கள் எழுந்தன. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் திருநாளுக்கு ஆகஸ்டு 5-ஆம் தேதி எந்தக் கடலில் இருந்தாலும் ஊர் திரும்புவது என்பது அந்த ஜனங்களுக்கு எழுதாத சட்டமாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, முந்நூறு ஆண்டுகள் கழித்து, இலங்கையில் அதிகாரியாயிருந்த எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறித்து வைத்திருக்கிறார்! சுறாவுக்கு வாய் கட்டினால் சரி, கட்டுகிறவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது குளிப்பவனுக்கு ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை.

இனி அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் என்றால் தூத்துக்குடியைச் சொல்லவில்லை. சிப்பி விளைந்த பாருக்கு எதிரே, அந்த வருஷத்துக்கு மட்டும், மணலில் முளைத்த ஊரைச் சொல்கிறேன். முத்துச்சலாபம் என்றால் முத்தெடுப்பதும், அதையொட்டிக் கூடும் இந்தச் சந்தையும் பாளையமும் எல்லாம் அடங்கும். பார்களை முன்கூட்டியே ஆட்கள் முழுகிப் பார்த்து, சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை வியாபாரிகள் மதிப்பிட்ட பின்பே, சலாபம் உண்டு என்று அரசாங்கம் பறைசாற்றும். அந்தச் செய்தி எப்படித்தான் பரவுமோ! தூத்துக்குடியிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் பரதவர், கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளியாட்கள், தோணிக்குச் சொந்தமான சம்மாட்டிகள், கயிறு பிடிக்கும் மண்டாடிகள், கடன் கொடுக்கச் செட்டியார்கள், முத்து வாங்கப் பம்பாய் வியாபாரிகள், பின்னாட்களில் மூக்கிலே கொம்புக் கவ்வி மாட்டிக்கொண்டு குதிக்கும் அரேபியர், இவர்கள் எல்லாருக்கும் சோறும் துணியும் கள்ளும் விற்பவர்கள், பிச்சைக்காரர்கள், ஜேப்படித் திருடர்கள் என்று ஒரு தேசமே பிரயாணப்பட்டு வந்து இறங்கும். மூங்கிலும் ஓலையுமாக வீதிகள் எழும். கச்சேரி, காவல் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் ஓலையிலேயே.

நள்ளிரவுக்குச் சற்று முன்போ பின்போ, தரையிலிருந்து காற்று வீசத் தொடங்கியதும், தோணிகள் புறப்படும். பார் போய்ச் சேரும்போது விடியும். தோணிக்கு ஐந்து கல், கல்லுக்கு இரண்டு ஆள்; ஒருவன் இறங்க மற்றவன் இளைப்பாறுவான். கனத்த கல்லில் கால்வைத்துக் கயிற்றோடு சரேலென்று இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரத்துக்குள் கைக்கு எட்டியதைக் கூடையில் வாரிப்போட்டுக் கயிற்றை அசைத்தால், மண்டாடி மேலே இழுப்பான். நடுப்பகலில் கடற்காற்று எழும்போது பாய் விரித்துத் திரும்புவார்கள். இந்தக் கல்லே அரசியலுக்கும் அளவுகோலாயிற்று: மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், பரதவரின் சாதித்தலைவருக்கு இத்தனை கல் என்று வரியில்லாமல் குளிக்கும் உரிமை பங்கிடப்பட்டிருந்தது, 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரும் கல்லுக்கு இவ்வளவென்றே தீர்வை வாங்கினார்கள்.

ஆங்கிலேயர் காலத்து வழக்கம் வேறு. கரைக்கு வந்த சிப்பி ‘கொட்டு’ என்னும் வேலியடைப்புக்குள் போகும். அங்கே குளியாட்கள் தாங்களே அதை மூன்று சமமான குவியல்களாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று அவர்களுக்கு. எந்தக் குவியல் தங்களுடையது என்பதை அதிகாரியே பின்னர் சுட்டிக்காட்டுவார். ஆகையால் பிரிப்பவர்கள் ஒரு சிப்பிகூடக் கூடுதல் குறைவின்றிப் பிரித்தார்கள். தராசு இல்லாமல் நியாயம் வழங்கிய இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவன். அரசாங்கத்தின் பங்கு அன்றிரவே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவன் உள்ளே முத்து உண்டோ இல்லையோ அறியான். திறந்து பார்த்தவன் பிரபுவானதும் உண்டு, கடன்பட்டு ஓடியதும் உண்டு. வந்த ஜனங்களைக் கட்டி வைத்த கயிறே இந்தச் சூதாட்டம்தான் என்று சொல்லலாம்.

பிறகு வருவதுதான் அந்த ஊரை உலகிலுள்ள எல்லா ஊர்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது. சிப்பிகளை வாரக் கணக்கில் அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பின், வள்ளங்களில் கடல்நீர் விட்டுக் கழுவி, அடியில் தங்கிய மண்ணை அரித்து முத்தைப் பொறுக்குவார்கள். கோடிக்கணக்கான சிப்பிகள் ஒரே கரையில் அழுகும்போது எழும் துர்க்கந்தத்தை அனுபவித்தவர்கள், மகாராணிகளின் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் மிகையாகாது. பேதி நோய் புகுந்து சலாபத்தைப் பாதியில் கலைத்த வருஷங்களும் உண்டு. கிடைத்த முத்துக்களோ, அந்த நாற்றத்தின் நினைவே இல்லாமல், பித்தளைப் ‘பெட்டி’களில் சலிக்கப்படும். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகளின் எண்ணிக்கை ஏற ஏற முத்தின் அளவு இறங்கும். ஆணி, ஆனதாரி, குறுவல், களிப்பு, தூள் என்று உருவமும் ஒளியும் பார்த்துப் பெயரிட்டு, மஞ்சாடி எடையில் நிறுத்து, துணியால் கையை மூடிக்கொண்டு விரல்களாலேயே விலைபேசி முடிப்பார்கள்.

இத்தகைய பாளையங்களில் மிகப் பெரியது இலங்கையில், மன்னாருக்குத் தெற்கே, மறிச்சுக்கட்டியில் கூடியது. 1905-ஆம் ஆண்டில் அங்கே எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஆளரவமற்ற அந்தக் கரையில் சுமார் 40,000 பேர் குடியிருந்தார்கள். நம் கரையின் குளியாட்களும் அவர்களுள் இருந்தார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையும் இக்கரையும் அவர்களுக்கு ஒன்றே. மறு ஆண்டு அங்கே அலுவல் பார்த்த இளம் அதிகாரியாகிய லெனார்டு வுல்ஃப் பிற்காலத்தில் லண்டனில் பெரிய எழுத்தாளராகித் தம் சுயசரிதையில் அந்தப் பாளையத்தைப் பற்றி எழுதினார். இந்தச் செழிப்பு என்றென்றும் நிலைக்கும் என்று நம்பி, லண்டன் கம்பெனி ஒன்று வருஷம் 3,10,000 ரூபாய்க்கு இருபதாண்டு குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் சிப்பியே இல்லை! ஓலை வீதிகள் காற்றோடு போயின. பக்கத்தில் இருப்பதோ, சிறுத்தைகளுக்குப் பேர்போன வில்பத்து வனம். மனிதக் கூட்டம் கலைந்த மணலில் அந்தப் பெரிய பூனைகளின் அடிச்சுவடு பதிய அதிக நாள் ஆகியிராது.

தூத்துக்குடியின் கதையும் இப்படியே. 1830-இல் குளித்த பின் 1860 வரை முப்பது வருஷங்கள் சலாபமே இல்லை. அதாவது, தந்தை இருபது வயதில் இறங்கிய பாரில் மைந்தன் முப்பதை நெருங்கும்வரை இறங்கியிருக்கமாட்டான். இடைக்காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது சங்கு. வங்காளத்துச் சுமங்கலிகளின் கைவளைக்காக வருஷந்தோறும் சங்கு குளித்ததனால்தான், மூச்சடக்கும் வித்தையும் பார்களின் அடையாளமும் மறதியில் மூழ்கிவிடாமல் இருந்தன. தூத்துக்குடியில் முத்து, சங்குத் தொழிலின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டு, பார்த்து, எழுதி வைத்தார். அவருடைய நூல் இல்லாவிடில் நாம் இன்று பேசுவதில் பாதி பேச இயலாது. சலாபம் இல்லாத வருஷங்களில் துறையை விட்டு நீங்காமல் கோயிலையும் வீட்டையும் பற்றிக்கொண்டும், சலாபம் என்று காதில் விழுந்த மறுகணமே அவற்றைப் பூட்டிவிட்டுத் தோணியேறியும் வாழ்ந்த அந்த ஜனங்களுக்குப் பூனையின் சுபாவமும் நாடோடியின் சுபாவமும் மாறி மாறி வாய்த்தன.

1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்தெடுத்தார்கள். அதுவே கடைசி வரிசை. அதன்பின் இந்தக் கரையில் சலாபம் கூடவில்லை. ஜப்பானில் வளர்த்த முத்து உலகச் சந்தையை நிரப்பியிருந்த காலம் அது. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி தூத்துக்குடியில், தெப்பத்திலே தொங்கவிட்ட கூடைகளில் சிப்பிகளை வளர்த்து, உள்ளே கரு வைத்து, உருண்டையான முத்தை விளைவித்தார். சில ஆண்டுகளில் சிப்பிக் குஞ்சையும் தொட்டியிலேயே பொரிக்கச் செய்தார்கள். இரண்டாயிரம் வருஷம் மனிதனை அலைக்கழித்த சிப்பி, முதன்முதலாக, மனிதன் சொன்ன இடத்தில் குடியிருக்க வந்தது.

சங்குத் தோணிகள் இன்றும் தூத்துக்குடியிலிருந்து புறப்படுகின்றன. கல் போய்விட்டது, காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு நெடுநேரம் கீழே இருக்கிறார்கள், இழுத்துவிட மண்டாடியும் தேவையில்லை. தோலாயிரம் பார் பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் போகும்போது, சங்கைத் தேடுகிற கண், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி எத்தனை என்றும் பார்த்துக்கொள்கிறது.