பஞ்சணையும் பாயும்
படுக்கைத் தெரிவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

'பசி ருசி அறியாது. நித்திரை சுகம் அறியாது' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. களைத்தவனுக்குப் படுக்கையின் தராதரம் ஒரு பொருட்டன்று என்பது அதன் கருத்து. அனுபவத்தின் அடியாகப் பிறந்த இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், பஞ்சணையில் துயில்வோன் இதனைக் கூறும்பொழுதும் வெறுநிலத்தில் துயில்வோன் கூறும்பொழுதும் இதன் பொருள் ஒன்றாக இருத்தல் இயலாது. முன்னவன் வாயில் இது பிறர் வறுமைக்குச் சமாதானமாகவும், பின்னவன் வாயில் தன் நிலைக்கு ஆறுதலாகவும் அமைந்துவிடுகின்றது.

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியைத் துயிலிற் கழிக்கின்றான். எனினும், அவன் ஏந்திய வாளையும் ஏறிய அரியணையையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் அவன் தலைசாய்த்த படுக்கையைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எவர் எதன்மீது துயின்றனர், எது எவருக்கு மறுக்கப்பட்டது, எந்த அளவுகோலின்படி ஒரு படுக்கை நல்லது எனக் கொள்ளப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, சாதாரண வீட்டுப் பொருளான படுக்கை சமூக வரலாற்றுச் சான்றாக மாறுகின்றது. மேலோர் கீழோர் என்னும் பாகுபாடு தோன்றிய நாள்முதலாகப் படுக்கைத் தெரிவைப் பெரிதும் நிர்ணயித்தவை தகுதியும் அதிகாரமும் அறக்கட்டுப்பாடுமே. துயில்வோனின் உடல் அத்தெரிவின் அளவுகோலாகியது மிக அண்மைக்காலத்திலேயே ஆகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படுக்கையின் வரலாறு நாகரிகத்தின் வரலாற்றினும் பழையது. தென்னாபிரிக்காவின் குவாசுலு-நாட்டால் பகுதியிலுள்ள சிபுடு என்னும் பாறைக்குகையில் நிகழ்ந்த அகழ்வாய்வின் முடிவுகள் 2011 ஆம் ஆண்டில் வெளியாகின. ஏறத்தாழ 77,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வாழ்ந்தோர் கோரையினத் தாவரங்களை நிலத்திற் பரப்பி, பூச்சிகளை அகற்றும் இயல்புடைய இலைகளை அவற்றின்மேல் இட்டுப் படுத்தனர் என அவை காட்டின. பிற்பட்ட படைகளிலே, பழைய படுக்கையை எரித்துவிட்டுப் புதியது பரப்பியமைக்கும் சான்றுகள் உள. 2020 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, தென்னாபிரிக்காவின் போர்டர் குகையிலே ஏறத்தாழ 200,000 ஆண்டுகளுக்கு முன்னரே சாம்பர்ப் படையின்மீது புல்லைப் பரப்பிப் படுக்கும் வழக்கம் இருந்தது. ஊர்ந்துவரும் பூச்சிகளைச் சாம்பர் தடுக்கும். ஈரம், குளிர், பூச்சி ஆகிய மூன்றினின்றும் உடலைக் காப்பதே இம்மனிதரின் தெரிவுக்கு அடிப்படையாயிற்று. குகையிற் படுத்தோரிடையே உயர்ந்த படுக்கை, தாழ்ந்த படுக்கை என்னும் வேறுபாடு இருந்ததற்கு இச்சான்றுகளில் அறிகுறி எதுவும் இல்லை.

அரசுகள் தோன்றிய பின்னர் இந்நிலை மாறியது. கீசா பிரமிட்டைக் கட்டுவித்த கூபு மன்னனின் தாய் எதெபெரசு அரசியின் கல்லறை 1925 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டபொழுது, பொற்றகடு வேய்ந்த கட்டில் ஒன்றும் தலையணைத் தாங்கி ஒன்றும் அங்கே கிடைத்தன. இறந்த பின்னரும் அரசிக்குரிய படுக்கை அவளைத் தொடர வேண்டும் எனக் கருதப்பட்டது. உரோமப் பேரரசில் இப்போக்கு வேறொரு வடிவம் பெற்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி, செருமானிய நாட்டு வெண்வாத்துகளின் தூவி இறாத்தல் ஒன்றுக்கு ஐந்து தெனாரியசு விலைபோயிற்று எனக் குறிப்பிடுகின்றார். எல்லைக் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த படைப்பிரிவுகளையே வாத்துப் பிடிக்க அனுப்பிவிட்ட தளபதிகள் மீது குற்றச்சாட்டு எழுந்தமையையும் அவரே பதிவு செய்துள்ளார். தலைநகரத்துச் செல்வரின் தலையணைக்காகப் பேரரசின் எல்லைக்காவல் தளர்ந்தது என்பது நகைப்புக்குரிய செய்தி மட்டுமன்று. படுக்கையின் மென்மை எத்தகைய மதிப்பைப் பெற்றிருந்தது என்பதற்கு அது தக்க சான்றுமாகும்.

தமிழ் மொழியிலேயே படுக்கைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பு பதிந்து கிடக்கின்றது. படுக்கும் கட்டிலும் மன்னன் வீற்றிருக்கும் அரசுகட்டிலும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே பாண்டிமாதேவியின் கட்டில் மிக விரிவாக வருணிக்கப்படுகின்றது. களத்திலே வீழ்ந்த யானையின் தந்தங்கொண்டு வல்லோன் இயற்றிய அக்கட்டிலிலே அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருந்தது. பிற்காலத்தில் 'பஞ்சசயனம்' என வழங்கிய ஐவகை அணையின் பொருள்களைக் குறிக்குமிடத்து வகைப்பாடுகள் சிறிது வேறுபடினும், இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்பன பொதுவாகச் சுட்டப்படுகின்றன. திருப்பாவையிலும் யானைத்தந்தக் கால்கொண்ட கட்டிலும் பஞ்சசயனமும் இடம்பெறுகின்றன.

ஆனால், நெடுநல்வாடையின் தேவி அக்கட்டிலில் உறங்கவில்லை. கணவன் போர்ப்பாசறையில் இருக்க, பிரிவாற்றாது அவள் கண்ணீர் உகுக்கின்றாள். பாசறையிலே மன்னனும் புண்பட்ட வீரரைக் கண்டு ஆற்றியவனாய்த் துயிலின்றித் திரிகின்றான். இதற்கு நேர்மாறான காட்சியைப் புறநானூற்றின் 50 ஆம் பாடல் தருகின்றது. வழிநடந்து களைத்த புலவர் மோசிகீரனார், முரசு நீராட்டுக்குச் சென்றிருந்த வேளையில், பூப்பரப்பிய முரசுகட்டிலை அறியாது ஏறித் துயின்றார். அக்கட்டிலில் ஏறுதல் கொலைத்தண்டனைக்குரிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை எடுக்காது கவரி எடுத்து அவருக்கு வீசினான். மன்னனின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி வழக்கமாக எடுத்தாளப்படுகின்றது. படுக்கையின் வரலாறு என்னும் நோக்கிற் பார்க்குமிடத்து, பிறிதோர் உண்மையும் புலனாகின்றது. மெத்தென்ற இடத்தில் உரிமையின்றி உறங்கியவன் உயிரிழக்க நேரிடும் எனும் நியதி அச்சமூகத்தில் இருந்தது. அந்நியதி தளர்ந்தமையாலேயே நிகழ்ச்சி பாடுபொருளாயிற்று.

அரண்மனை மென்மையைப் போற்றிய அதே பண்டைய உலகிலே துறவுமடம் அதனை மறுத்தது. பௌத்த விநயபிடகம் பிக்குவின் கட்டிற்கால் எட்டு விரலளவுக்கு மேற்படலாகாது என விதித்தது. பஞ்சு திணித்த கட்டிலையும் இருக்கையையும் அது தடைசெய்தது. அவ்வாறு செய்யப்பட்டதாயின் பஞ்சைப் பிய்த்தெறிதல் வேண்டும். மெத்தைக்குக் கம்பளி, துணி, மரப்பட்டை, புல், இலை எனும் ஐவகைத் திணிபொருள்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. தலையளவான தலையணைக்கே பஞ்சு ஏற்கப்பட்டது. அரண்மனையின் ஐவகையையும் மடத்தின் ஐவகையையும் அருகருகே வைத்து நோக்கின், இரண்டிற்கும் பொதுவானது விலங்கின் மயிர் ஒன்றே என்பது தெரியவரும். பஞ்சும் தூவியும் போகத்தின் குறிகளாகவும், புல்லும் இலையும் அடக்கத்தின் குறிகளாகவும் கொள்ளப்பட்டன. இலங்கையிலே போயா நாள்களில் எண்சீலம் காக்கும் இல்லறத்தாரும் உயர்ந்த, ஆடம்பரமான படுக்கையை அன்று தவிர்க்கின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு படுக்கை விதி இவ்வாறு இன்றும் வழக்கிலுள்ளது.

விதி ஒருபுறமிருக்க, இலங்கையின் சாதாரண வீட்டில் நிலவிய நிலையை அறிய உரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூல் துணைபுரிகின்றது. 1660 இற் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து தப்பிச்சென்ற அவர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே மக்களின் தட்டுமுட்டுப் பொருள்களையும் விவரித்துள்ளார். கட்டில் இருப்பின் அது வீட்டுத் தலைவனுக்கே உரியது; பெண்டிரும் பிள்ளைகளும் நிலத்திலே, அடுப்பங்கரையை அண்டிப் பாயிற் படுத்தனர் என்பது அவர் கூற்று. அரண்மனைக்கும் குடிசைக்கும் இடையே மட்டுமன்றி, ஒரு குடிசையின் உள்ளேயும் படுக்கை மேல் கீழ் வகுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், பாயை வறுமையின் சின்னமாக மட்டும் கொள்வது பொருந்தாது. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாட்டிலே காற்றோட்டமுள்ள பாய், வியர்வையைத் தேக்கும் தடித்த மெத்தையினும் ஏற்றதாக அமைவதுண்டு. பகலிற் சுருட்டி வைத்தால் படுக்கையறையே கூடமாகின்றது. வெயிலிற் காயவைத்தால் ஈரமும் பூச்சியும் நீங்குகின்றன. யாழ்ப்பாணத்திலே பனையோலைப் பாயும், மட்டக்களப்பிலே பன்பாயும் அவ்வப் பிரதேச வளங்களைக் கொண்டு பெரும்பாலும் பெண்கள் இழைத்தவை. பன் கோரையினத்தைச் சேர்ந்தது. சிபுடுக் குகையிற் பரப்பப்பட்டதும் கோரையினமே என்பதை எண்ணுமிடத்து, மனிதனின் மிகப் பழைய தெரிவுகளுள் ஒன்று பாய்வடிவில் இன்றும் நிலைத்திருப்பது வியப்பளிக்கின்றது.

குளிர்நாடான இங்கிலாந்திலும் பொதுமக்களின் படுக்கை நெடுங்காலம் வைக்கோலாகவே இருந்தது. 1577 இல் வெளியான தம் நூலில் வில்லியம் ஹரிசன், முந்திய தலைமுறையினர் வைக்கோற் படுக்கையிலே மரக்கட்டையைத் தலைக்கணையாக வைத்துத் துயின்றதையும், தலையணை பிள்ளைபெற்ற பெண்களுக்கே உரியது எனக் கருதப்பட்டதையும் முதியோர் வாய்மொழியாகக் குறிப்பிடுகின்றார். படுக்கை மரண சாசனத்தில் எழுதிவைக்கத்தக்க சொத்தாகவும் விளங்கியது. சேக்ஸ்பியர் 1616 இல் எழுதிய சாசனத்தில் தம் மனைவிக்குத் தமது 'இரண்டாவது சிறந்த' கட்டிலை விட்டுச்சென்றமை பலரும் அறிந்ததே.

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உருக்குச் சுருள்வில் படுக்கைக்குட் புகுந்தது. 1929 இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் இறப்பர்ப் பாலை நுரைக்கச்செய்து மெத்தைக்குரிய நுரைப்பொருளை ஆக்கினர். 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் குழுவினர் பொலியூரதேனைக் கண்டனர். உடலின் வடிவுக்கேற்ப அமிழ்ந்து மெல்ல மீளும் நுரை, 1966 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் இருக்கை ஆய்வுகளின் விளைவாகத் தோன்றியது. பஞ்சசயனத்தின் மென்மை இவ்வாறு ஆலை உற்பத்தியாகி, நடுத்தர வர்க்கத்தினருக்கும் எட்டுவதாயிற்று.

இம்மாற்றத்துக்கு இலங்கையும் மூலப்பொருள் வழங்கியது. 1876 ஆம் ஆண்டு கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் இறப்பர்த் தோட்டங்கள் பல்கின. தென்னந்தும்பிலே நீண்டது தூரிகைக்கும் குறுகியது மெத்தைக்கும் எனத் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறியது. ஊறிய மட்டையை அடித்துத் தும்பெடுத்த பெண்களும், விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தொழிலாளரும் தாம் எதன்மீது துயின்றனர் என்னும் வினாவை இங்கு எழுப்பாதிருத்தல் இயலாது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயன் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கியது. அங்கே படுக்கைத் தெரிவு என்பதற்கே இடமிருக்கவில்லை. பாயும் சாக்கும் விரிக்கக்கூடிய நிலப்பரப்பே தெரிவை நிர்ணயித்தது. 'நித்திரை சுகம் அறியாது' எனும் பழமொழி இத்தகையோர் மீதே மிக எளிதிற் பிரயோகிக்கப்பட்டது.

களைப்பினால் வரும் துயில் படுக்கையின் குறையை மறைக்கும், நீக்கமாட்டாது. எழும்பொழுது இடுப்பும் தோளும் நோகுமாயின், துயில் அறியாததை உடம்பு அறிந்துகொண்டது என்பதே பொருள். முதுகுவலிக்குக் கடினமான படுக்கையே நன்று என்னும் கருத்து மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. ஸ்பெயினில் நாட்பட்ட கீழ்முதுகுவலியுடைய 313 பேரிடம் 90 நாள் நிகழ்த்தப்பட்டு, 2003 இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு இக்கருத்தைச் சோதித்தது. மிகக் கடினமான மெத்தையிற் படுத்தோரினும் நடுத்தர உறுதியுள்ள மெத்தையிற் படுத்தோருக்கே வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்தன. துறவியின் கடினமும் அரசியின் மென்மையும் ஆகிய இரு எல்லைகளுக்கும் இடையிலேதான் நோயுற்ற முதுகு ஆறுதல் கண்டது எனலாம்.

எனவே, நல்ல படுக்கை என்பது எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒருக்களித்துப் படுப்போனின் தோளும் இடுப்பும் ஓரளவு அமிழ இடம்வேண்டும். நிமிர்ந்து படுப்போனின் இடுப்பு தொய்யாது தாங்கப்படல் வேண்டும். முதியோருக்கு நிலத்தினின்று எழுதல் அரிதாதலால் கட்டிலின் உயரம் உதவும். கைக்குழந்தைக்கோ மென்மையான அணை மூச்சுத்திணறலை விளைவிக்கக்கூடும். உறுதியான, தட்டையான படுக்கையே அதற்குப் பாதுகாப்பு. வெப்பநாட்டார் காற்றோட்டத்தையும் கருதுதல் வேண்டும். மென்மை, உயரம், விலை என்பவற்றைக் கொண்டு படுக்கையை மதிப்பிடுதல், அரண்மனை விட்டுச்சென்ற அளவுகோலை இன்றும் கையாளுதலாகும்.

உடலைத் தாங்கும் படுக்கை போகமன்று, தேவை என்பது உணரப்பட்டுள்ள இன்றும் அது யாவர்க்கும் கிட்டிவிடவில்லை. உழைப்பாளியின் உணவையும் கூலியையும் ஆராயும் சமூக வரலாறு அவன் துயிலையும் ஆராய்தல் வேண்டும். அரசரின் கட்டிலைப் பற்றி இலக்கியங்கள் பேசுகின்றன. பாய் இழைத்த பெண்களையும், தும்படித்தோரையும், லயன் அறைகளில் துயின்றோரையும் பற்றி அவர்களே பேசுதல் வேண்டும். அவ்வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது, முதிய தலைமுறையினர் நம்மிடையே உள்ளபோதே செய்யப்பட வேண்டிய பணியாகும்.