ஒரே எச்டிஎம்எல், இருநூறு முகங்கள்

வலைத்தளம் செய்ய உட்காருகிற யாரும் முதலில் செய்வது என்ன? மற்றவர்கள் என்ன பண்ணியிருக்காங்கன்னு தேடுவதுதான். இப்போ தேடினால் அழகழகான படங்கள் வந்து கொட்டும். ஆனா அதை எப்படிச் செய்தார்கள் என்று அந்தப் படம் சொல்லாது. செய்முறையையும் சேர்த்தே காட்டிய ஒரு தளத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கொஞ்சம் பின்னால் போகலாம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல்லும், அது எப்படித் தோன்றவேண்டும் என்பதை தனியாக ஒரு ஸ்டைல் ஷீட்டும் சொல்லட்டும் என்ற சிஎஸ்எஸ் யோசனையை 1994 அக்டோபரில் முன்வைத்தவர் ஹோகன் வியூம் லீ. 1996 டிசம்பரில் டபிள்யூ3சி அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நெட்ஸ்கேப் 4 போன்ற பிரவுசர்கள் அதை அரைகுறையாகவே புரிந்துகொண்டன. அதனால் எல்லாரும் டேபிளுக்குள் டேபிள் போட்டு, இடைவெளிக்கு கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப் படத்தைச் செருகி ஒப்பேற்றினார்கள். சிஎஸ்எஸ்ஸா? அதில் செய்தால் கட்டம் கட்டமாக, சப்பென்று இருக்கும் என்பதுதான் அன்றைய பேச்சு.

2003 மே மாதம் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளத்தைத் தொடங்கினார். விதி ஒன்றுதான்: எச்டிஎம்எல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. சிஎஸ்எஸ்ஸும் படங்களும் உங்கள் இஷ்டம். முதல் ஐந்து வடிவங்களை அவரே செய்து வைத்தார். பிறகு உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்தன, இருநூறைத் தாண்டின. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் ஒரே பக்கம்தான் என்று நம்பவே முடியாது. ஒவ்வொன்றின் சிஎஸ்எஸ்ஸையும் திறந்து படிக்கலாம். உத்தியைக் கற்றுக்கொள்ளலாம், படங்களின் உரிமை மட்டும் வரைந்தவருக்கே.

நானும் ஆசைப்பட்டு, மாதிரிக் கோப்புகளை இறக்கி, ஆங்கில வாசகங்களை எடுத்துவிட்டுத் தமிழைப் போட்டேன். பத்திகளெல்லாம் தமிழில் வந்தன. தலைப்புகள் மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றன! சேமித்தேன், ரீஃப்ரெஷ் அடித்தேன், ம்ஹூம். ஒரு மாலை முழுக்கப் போச்சு. கடைசியில் சிஎஸ்எஸ்ஸை வரிவரியாகப் படித்தபோதுதான் புரிந்தது. நான் பார்த்த தலைப்பு எழுத்தே இல்லை, படம். உண்மையான எழுத்தை ஒரு ஸ்பான் குறிக்குள் வைத்து, சிஎஸ்எஸ்ஸால் மறைத்து, அந்த இடத்தில் படத்தைப் பின்னணியாகப் போட்டிருந்தார்கள். என் தமிழ் அங்கேயேதான் இருந்தது, மறைந்து.

இது என் ஒருவனுடைய சிக்கல் மட்டும் இல்லை. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள் பலவும் இப்படி மறைத்த எழுத்தை வாசிக்காமல் தாண்டிப் போயின. 2003லேயே ஜோ கிளார்க் சோதித்துப் பார்த்து இதை எழுதினார். அதன்பின் எழுத்தை மறைக்காமலே படம் காட்ட வேறு வழிகளைப் பலர் தேடினார்கள்; ஷேவே அவற்றைத் தொகுத்து வைத்தார். எல்லார் கண்ணுக்கும் செய்முறை தெரிந்ததால்தான் தப்பும் தெரிந்தது, திருத்தமும் வந்தது.

அன்று இறக்கிய வடிவத்தை நான் எங்கேயும் பயன்படுத்தவில்லை. ஆனால் தலைப்பைப் படமாகப் போடும் பழக்கம் எனக்கு அன்றோடு போனது. 2013இல், பத்தாவது ஆண்டில், ஷே எச்டிஎம்எல்லைப் புதுப்பித்து மறுபடி வடிவங்களை வரவேற்றார். நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். பிடித்த ஒரு வடிவத்தில் நின்று, அதன் சிஎஸ்எஸ்ஸையும் திறந்து படியுங்கள். அழகை ரசிப்பதோடு திரும்பிவிட்டால் பாதிதான் பார்த்தீர்கள்.