பார்க்காத காருக்கு முன்பணம்

2016 மார்ச் 31. டெஸ்லா கடைகளின் வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றது. மாடல் 3 மின்சாரக் காரை அதுவரை பொதுமக்கள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை, அன்றிரவுதான் அறிமுகம். ஆனாலும் ஆளுக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டினார்கள். ஒரே வாரத்தில் பதிவுகள் 3,25,000-ஐத் தொட்டன. மின்சாரக் கார்மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு அதற்குமுன் இவ்வளவு பெரிய சான்று இல்லை.

காத்திருப்பு நீண்டது.

2017 ஜூலையில் முதல் 30 கார்கள் கைமாறின. பெற்றவர்களில் பெரும்பாலோர் நிறுவன ஊழியர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,500-க்கு மேல் எதிர்பார்த்த இடத்தில் 260 கார்களே உருவாயின. நெவாடா ஆலையில் பேட்டரித் தொகுதிகளைக் கோக்கும் வேலைதான் பெரிய முட்டுக்கட்டை. அளவுக்கு மீறி ரோபோக்களை நம்பியது தவறு என்று 2018 ஏப்ரலில் டெஸ்லா தலைவர் ஈலான் மஸ்க் ஒப்புக்கொண்டார். ஃப்ரீமான்ட் ஆலை வளாகத்தில் பிரம்மாண்டக் கூடாரம் அடித்து, அதற்குள்ளும் கார் தயாரித்தார்கள். ஜூன் கடைசி வாரத்தில் 5,000 கார்கள் வெளிவந்தன.

அப்போதும், வாக்களித்த 35,000 டாலர் வகை வரவில்லை. அந்த விலையை நம்பியவர்கள்தான் அதிகம் பொறுத்தவர்கள். 2019 பிப்ரவரி இறுதியில்தான் அதற்கு ஆர்டர் எடுத்தார்கள்.

இந்தியர்கள் சிலரும் 2016-இல் முன்பணம் கட்டியிருந்தனர். ஆனால் மும்பையில் டெஸ்லா கடை திறந்தது 2025 ஜூலையில்தான். அங்கு விற்பனைக்கு வந்ததும் மாடல் 3 அல்ல, மாடல் ஒய்.