கோஷியென் மண்

ஜப்பானில் ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே நிஷினோமியா என்ற ஊரில் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. பெயர் கோஷியென். 1924 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறந்தார்கள். பெயர்க் காரணம் நமக்குச் சுலபமாகப் புரியும். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது வருடச் சுற்று உண்டு. அதில் முதல் வருடத்தின் பெயர் 'கோஷி'. 1924 அந்த வருடம். 'என்' என்றால் தோட்டம்.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் இங்கேதான் உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டி. 1915இல் வேறொரு மைதானத்தில் ஆரம்பித்து, 1924இல் இங்கு வந்தது. அதில் ஓர் ஆட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். வெயில் நம் ஊர் சித்திரைக்குச் சளைத்ததல்ல. உடைத்த ஐஸை பிளாஸ்டிக் பையில் போட்டு உறிஞ்சுகுழலோடு விற்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் பிடரியில் வைத்துக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன்.

ஆட்டம் தொடங்கவும் முடியவும் சங்கு ஊதுகிறார்கள், பழைய மில் சங்கு மாதிரி. கிரிக்கெட் பார்த்துப் பழகிய எனக்கு ஆச்சரியமாக இருந்தது கூட்டத்தின் ஒழுங்குதான். தங்கள் பள்ளி மட்டை பிடிக்கும்போது மட்டும் பேண்டு வாத்தியமும் கோஷமும். எதிர்ப்பள்ளியின் முறை வந்ததும் இந்தப் பக்கம் அடங்கிவிடுகிறது.

முடிந்ததும் இரு அணியும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்கின. ஜெயித்த பள்ளியின் பாட்டு ஒலித்தது. தோற்ற பையன்கள் மைதானத்தில் மண்டியிட்டு, அழுதுகொண்டே மண்ணைக் கையால் கூட்டிப் பையில் அள்ளினார்கள். கறுப்பு மண்ணும் வெண்மணலும் கலந்த மண். தோற்றால் வெளியே போகவேண்டிய போட்டி. பலருக்கு அடுத்த வருடம் பள்ளிப் படிப்பே முடிந்துவிடும்.

இந்த மைதானம் போரையும் பார்த்திருக்கிறது. 1941 போட்டி தகுதிச் சுற்றோடு நின்றது. 1943இல் பார்வையாளர் பகுதியின் பெரிய இரும்புக் கூரையைப் போருக்கான உலோகத்துக்காகக் கழற்றினார்கள். 1946இல் போட்டி மறுபடி தொடங்கியபோது கோஷியென் அமெரிக்கப் படையின் வசம் இருந்ததால், பக்கத்து மைதானத்தில் ஆடினார்கள். இன்றும் ஆகஸ்ட் 15 பகல் 12 மணிக்கு ஆட்டத்தை நிறுத்தி, சங்கு ஊதி, எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்கிறார்கள்.

அந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1958இல் ஒகினாவாவிலிருந்து முதன்முதலாக ஓர் அணி கோஷியெனுக்கு வந்தது, ஷூரி உயர்நிலைப் பள்ளி. ஒகினாவா அப்போது அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. ஜப்பானியப் பையன்கள் ஜப்பானுக்கு வரக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்று, மற்றவர்களைப் போல மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். நாஹா துறைமுகத்தில் தாவரத் தடுப்புச் சட்டம் குறுக்கே நின்றது. வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாது. கடலில் கொட்டிவிட்டார்கள். சட்டப்படி சரிதான், ஆனால் கோஷியென் மண் அந்தப் பையன்களுக்கு எப்படி வெளிநாட்டு மண்ணாகும்?

செய்தி அறிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மண்ணுக்குத்தானே தடை, கல்லுக்கு இல்லையே! கோஷியெனில் கூழாங்கற்களைப் பொறுக்கிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1972இல் ஒகினாவா ஜப்பானோடு மறுபடி சேர்ந்தது. அந்தக் கற்கள் ஷூரி பள்ளி வளாகத்தில் ஒரு நினைவுக்கல்லில் பதிக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன.