ஒரு கிளிக், இரண்டு மரை

போன மாதம் என் பேரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவனுடைய மலை சைக்கிளில் பின்பக்கம் ஏழு பல்சக்கரங்கள். ஹேண்டில்பாரில் உள்ள கியர் லீவரை மட்டும் மாற்றி, பத்து கியர் லீவர் போட்டால் வண்டி ஒரு படி உயரும் என்று நினைத்து, சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாங்கி மாட்டிவிட்டான். முதல் கிளிக்கில் செயின் உரசுகிறது. மூன்றாவது கிளிக்கில் எந்தப் பல்லில் உட்காருவது என்று தெரியாமல் கடகடக்கிறது. "சைக்கிள் சாமான் எல்லாம் ஒன்றுதானே தாத்தா?" என்று கேட்டான்.

நம் வயதுக்காரர்கள் யோசிக்காமல் "ஆமாம்" என்றிருப்போம். சரியான பதில் சற்று நீளமானது.

செயினைத் தள்ளிவிடும் பாகத்தைக் கடைகளில் டீரெய்லர் என்கிறார்கள். அது பிரெஞ்சுச் சொல். 'ராய்' என்றால் தண்டவாளம். 'தெராயேர்' என்றால் தடம் புரளச் செய்வது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே வேலை புரிந்துவிட்டது. இந்தக் கருவி வளர்ந்ததும் பெரும்பாலும் பிரான்ஸில்தான். சேன்ட் எத்தியென் நகரில் வாழ்ந்த போல் தெ விவி (1853-1930), 'வெலோசியோ' என்ற புனைபெயரில் பல கியர்களின் நன்மையை வாழ்நாள் முழுக்க எழுதிவந்தார். ஆனால் 1903-இல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை டீரெய்லருக்கு அனுமதி இல்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். 1937-இல் டீரெய்லரோடு ஓட்டி வென்றவர் ரொழே லப்பேபி.

அந்தக் காலத்து லீவரில் கிளிக் கிடையாது. கையால் இழுக்க வேண்டும். செயின் சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அளவு பார்த்தது ஓட்டுபவரின் கையும் காதும்தான். அதனால் பிரெஞ்சு சிம்ப்ளெக்ஸ் டீரெய்லரை இத்தாலிய லீவரோடு சேர்த்தாலும் வேலை செய்யும்.

அன்று வம்பு மரையில் இருந்தது. பெடல் அச்சு உட்காரும் இடத்தில் பிரெஞ்சு மரை 35 மில்லிமீட்டர். இத்தாலிய மரை 36. ஆங்கிலேய மரை 1.37 அங்குலம், அதாவது சுமார் 34.8 மில்லிமீட்டர். பின்சக்கர ஃப்ரீவீல் இன்னும் மோசம். பிரெஞ்சு 34.7, ஆங்கிலேயம் 34.8. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றை மற்றதில் வைத்தால் சில சுற்று ஏறும். பலமாக முறுக்கினால் மரை போய்விடும்.

1984-இல் ஜப்பானின் ஷிமானோ, கிளிக் வைத்த லீவரைப் பந்தய சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. சில வருஷங்களில் மலை சைக்கிளுக்கும் வந்தது. ஒரு கிளிக்குக்கு லீவர் கேபிளை எவ்வளவு இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது, பல்சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்ற மூன்றும் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். கையும் காதும் பார்த்த கணக்கைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது.

ஷிமானோவின் அளவுகளையே உதாரணமாகச் சொல்கிறேன். ஏழு கியரில் பல்சக்கர இடைவெளி 5 மில்லிமீட்டர். லீவர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.9 இழுக்கும், டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கும். கணக்கு நேர். பத்து கியர் மலை சைக்கிள் லீவரோ சுமார் 3.4 இழுக்கும். பழைய டீரெய்லர் அதையும் 1.7 மடங்காக்கினால் கிட்டத்தட்ட 5.8. கிளிக்குக்கு 0.8 மிச்சம், மூன்று கிளிக்கில் 2.4. அதாவது செயின் இரண்டு பல்லுக்கு நட்டநடுவில் நிற்கும். பேரன் கேட்ட கடகடச் சத்தம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கிளிக் வந்து கம்பெனிக்குக் கம்பெனி, கியருக்குக் கியர் பிரிந்துபோன அதே காலத்தில் மரைச் சண்டை அடங்கியது. பிரெஞ்சு மரை மறைந்தது. பெரும்பாலான வண்டிகளில் ஆங்கிலேய மரையே நிலைத்தது. செயினின் கணு அளவு இன்றைக்கும் அரை அங்குலம்தான். உலகத்துக்கு மீட்டரைக் கொடுத்த நாடு என்று பள்ளியில் பெருமையாகப் படித்தவன் நான். சைக்கிளில் ஜெயித்தது என்னவோ அங்குலம்தான்!

பேரனுக்குக் காகிதத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பத்து கியர் வேண்டுமென்றால் லீவர், டீரெய்லர், பல்சக்கரத் தொகுதி, செயின் நான்கும் சேர்ந்து மாற வேண்டும். அவன் வண்டியில் இருப்பது மரையில் திருகும் ஃப்ரீவீல் என்பதால் பின்சக்கர ஹப்பும் மாற வேண்டும். கூட்டிப் பார்த்தவன், அவ்வளவு பணம் இப்போது இல்லை என்று பழைய லீவரையே திரும்ப மாட்டிக்கொண்டான். புதியது மேஜை டிராயரில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாமான் வாங்கக் கிளம்பினால், முதலில் பின்பக்கப் பல்சக்கரங்களை எண்ணச் சொல்லுங்கள். லீவரில் எத்தனை கிளிக் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.