பட்டாவில் எழுதிய தொகை

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வரிவசூலுக்குப் பொறுப்பேற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீட், ஜவ்வாது மலைக்கு மேற்கே உள்ள திருப்பத்தூரைத் தலைமையிடமாக்கிக்கொண்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ.

சர்க்கார் கேட்டது எவ்வளவு, குடியானவரிடம் வாங்கியது எவ்வளவு? ஊர்க்கணக்கு கர்ணத்தின் கையில். வசூல் மணியக்காரரின் கையில். இடையில் ஏறிய பணத்தைத் தட்டிக்கேட்கக் குடியானவரிடம் துண்டுச்சீட்டுகூட இருப்பது அரிது.

நிலத்தை அளந்து, தீர்வை குறித்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா தரும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. நிலமும் கட்டவேண்டிய தொகையும் பட்டாவில் இருக்கும்; அதற்குமேல் கேட்டால் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் படிக்கத் தெரியாதவர் அதையும் கர்ணத்திடம்தான் நீட்டவேண்டும். கூடுதல் வசூல் ஓயவில்லை. வரிக்காக அடி உதை நடந்ததை 1855-இல் சென்னைச் சித்திரவதை விசாரணை ஆணையம் பதிவு செய்தது.

அன்றைய பட்டாவைப் போலக் கட்டவேண்டிய தொகையைச் சொல்லும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் இன்று கைப்பேசிக்கே வருகிறது. தெரியாத செலவு கண்ணில் பட்டால் முறையிடக் காலக்கெடுவும் உண்டு. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை, வங்கித் தகவல் கிடைத்த 3 வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. 7 வேலைநாள் கடந்தால், இழப்பு யாருக்கு என்பதை அந்தந்த வங்கியின் கொள்கையே தீர்மானிக்கும் என்றும் அந்த விதி சொன்னது.